30 நாள் தீட்டு

தீட்டு என்ற சொல்லை ஓர் அமெரிக்கருக்கு விளங்கவைப்பது கடினம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரர் 16 நாள் கோயிலுக்குப் போகக் கூடாது. அவருக்குத் தொற்றுநோயா? இல்லை. அவர் வந்தால் யாருக்காவது கேடு வருமா? வராது. பிறகென்ன? தீட்டு, அவ்வளவுதான். நாள் கணக்கு முடிய வேண்டும், பரிகாரம் ஆக வேண்டும், அப்புறம்தான் உள்ளே விடுவார்கள். இதை அந்த ஊர்க்காரருக்கு எப்படிச் சொல்வது?

இப்போது வழி கிடைத்துவிட்டது. "உங்கள் ஊர் நர்ஸுகளுக்கு ஒரு கஞ்சா பரிசோதனை வைத்திருக்கிறீர்களே, அதுதான் ஐயா" என்று சொல்லிவிடலாம்.

கொலராடோ மாநில மக்கள் 2012இல் வாக்களித்துக் கஞ்சாவுக்கு அனுமதி கொடுத்தார்கள். 2014 ஜனவரி 1 அன்று கடை திறந்தது. 21 வயது ஆனவர் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். ரசீது உண்டு. வரி மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. 2023இல் ஒஹையோவும் சேர்ந்தபோது இப்படிப்பட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 24 ஆனது. அந்தக் கொலராடோவின் தலைநகர் டென்வரில் இரண்டு செவிலியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே மருத்துவமனையில் புதிதாகச் சேர வந்தவர்கள். ஒருவர் சனிக்கிழமை இரவு அரை பாட்டில் விஸ்கியைக் காலி செய்துவிட்டு ஞாயிறு மாலைவரை எழுந்திருக்கவில்லை. மற்றவர் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டி வந்த முதுகுவலிக்காகப் பல மாதம் இரவுதோறும் ஒரு கஞ்சா மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். புது வேலை என்று இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியும் விட்டார். திங்கட்கிழமை காலை இருவர் கையிலும் சிறுநீர்ப் புட்டி. முதலாமவர் தேறிவிடுவார், ஏனென்றால் வேலைக்குச் சேரும்போது எடுக்கும் வழக்கமான சோதனை மதுவைத் தேடுவதே இல்லை. மாட்டிக்கொள்ளப் போகிறவர் மிட்டாய் தின்றவர்.

காரணம் வேதியியல். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மெல்ல மெல்ல வெளியேறும். கல்லீரல் அதை உடைத்து உண்டாக்கும் கழிவுதான் சிறுநீரில் வருவது. அந்தக் கழிவுக்குப் போதை தரும் ஆற்றல் கிடையாது. சோதனை தேடுவது இதைத்தான்: ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் இருந்தால் முதற்கட்டத்தில் மாட்டுவார், உறுதிப்படுத்தும் கட்டத்தில் 15 இருந்தாலே போதும். எப்போதாவது தொட்டவருக்குச் சில நாளில் போய்விடும். நாள்தோறும் எடுத்தவருக்கு 30 நாளும் ஆகும், மேலும் ஆகும். நேற்று மீன் குழம்பு வைத்த சட்டியை மோந்து பார்த்துவிட்டு, இப்போது அடுப்பில் மீன் கொதிக்கிறது என்று சத்தியம் செய்வதைப் போன்றது இது. சட்டி பொய் சொல்லவில்லை. மோந்து பார்த்தவருக்குத்தான் நேற்றும் இன்றும் ஒன்றாகிவிட்டன.

சட்டத்தின் கதை இதைவிட வேடிக்கை. 1970இல் அமெரிக்க நடுவண் அரசு போதைப்பொருள்களைப் பட்டியல் போட்டது. கஞ்சா, மிகக் கடுமையான முதல் பட்டியலில், ஹெராயினுக்குப் பக்கத்து நாற்காலியில். ஃபென்டனில் என்ற கடும் வலிமருந்து இரண்டாம் பட்டியல். மதுவும் புகையிலையும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவற்றைச் சட்டமே விலக்கி வைத்தது. 1972இல், அதிபர் நிக்சன் பெரும்பாலான உறுப்பினர்களை நியமித்த ஆணையமே, சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்றது. நிக்சன் அந்த அறிக்கையை ஓரம் கட்டினார். 1985இல் டிஎச்சியையே செயற்கையாகத் தயாரித்து மருந்தாக விற்க அனுமதி கிடைத்தது. ட்ரோனாபினால் என்று பெயர். புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியை நிறுத்துவதற்கு. இன்று அந்த மாத்திரை மூன்றாம் பட்டியலில் இருக்கிறது. மூலக்கூறு ஒன்றுதான்: செடியிலிருந்து வந்தால் ஹெராயினுக்கு நிகர், தொழிற்சாலையிலிருந்து வந்தால் மருந்து. புற்றுநோய் வார்டில் அந்த மாத்திரையை எண்ணி நோயாளி கையில் வைப்பவர் யார்? நம் செவிலியர்தான். கொடுத்தால் கடமை, வீட்டில் தின்றால் ஒழுங்கீனம்.

மாநிலச் சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். கொலராடோவில் கைகால் செயலிழந்த ஒருவர், மருத்துவரின் பரிந்துரையோடு, வேலை நேரத்துக்கு வெளியே வீட்டில் கஞ்சா எடுத்தார். செய்தது தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் வேலை. சோதனையில் மாட்டினார், வேலை போனது. 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. நடுவண் சட்டத்தில் குற்றமாக இருப்பதைச் சட்டப்படியான செயல் என்று ஏற்க முடியாதாம். மாநிலம் வரியை வாங்கிக்கொள்ளும், வேலையைக் காப்பாற்றாது.

செவிலியருக்கு வேலை மட்டும் போவதில்லை, உரிமத்துக்கே ஆபத்து. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் எச்சரிக்கைக் கடிதத்தோடு விடுவதும் உண்டு. ஆனால் பொதுவான பாதை இது: மருத்துவமனை, செவிலியர் உரிம வாரியத்துக்குத் தெரிவிக்கும். போதைப் பழக்க நிபுணர் ஒருவரிடம் மதிப்பீட்டுக்குப் போகச் சொல்வார்கள், செலவு செவிலியருடையது. பிறகு கண்காணிப்புத் திட்டம்: மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். தினமும் காலையில் அழைத்து, இன்று நமக்குச் சோதனை உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உண்டு என்றால் எங்கிருந்தாலும் ஓட வேண்டும், அதற்கும் கைக்காசு. வலிமருந்து அலமாரியின் சாவியைத் தொட முடியாது. ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் வேலை பார்க்கும் வசதி பறிபோகும். ஒழுங்கு நடவடிக்கை என்று பதிவாகிவிட்டால், எந்த மாநிலத்தில் வேலை தேடினாலும் கணினியில் முதலில் வந்து நிற்பது அதுதான்.

இந்தத் திட்டங்கள் ஃபென்டனில் ஊசிக்கு அடிமையானவர்களைக் காப்பாற்ற உருவானவை. பலரைக் காப்பாற்றியும் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. முதுகுவலிக்கு மிட்டாய் தின்றவருக்கும் அதே பரிகாரம் என்பதுதான் என் சண்டை.

அதிலும் ஒரு விசித்திரம். கண்காணிப்பில் இருப்பவர் மதுவையும் தொடக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க ஈடிஜி என்றொரு சோதனை, மது உடம்பில் விட்டுப்போகும் தடயத்தை ஒன்றிரண்டு நாள் கழித்தும் காட்டும். அத்தனை நுட்பமான சோதனை அது: கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசரே அதைப் பாஸிட்டிவ் ஆக்கிவிடக்கூடும். இதை மட்டும் நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள் என்று 2006இலேயே அமெரிக்க அரசுத் துறை ஒன்று எச்சரித்தது. ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்வதுதான் செவிலியரின் முதல் பாடம். ஆக, நோயாளிக்கான சுத்தம் ஒரு பக்கம், வாரியத்துக்கான சுத்தம் ஒரு பக்கம். இரண்டும் மோதும்போது எது வெல்லும் என்பதைச் சிறுநீர்ப் புட்டி சொல்லும்.

பரிகாரம் என்றேன், அது வெறும் உவமை இல்லை. பல திட்டங்களில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகையைச் சேர்ந்த 12 படிக் கூட்டங்களுக்குப் போய் வந்ததற்குக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். அந்தப் படிகளில் பாதி, கடவுளையோ தன்னினும் பெரிய ஒரு சக்தியையோ பற்றியவை. சரணடைய வேண்டும், குறைகளை நீக்கச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும். விரும்பிப் போகிறவர் போகட்டும், அவர்களில் எத்தனையோ பேர் மீண்டிருக்கிறார்கள். ஆனால் உரிமத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு "போய்ச் சரணடை" என்பது வேறு. சிறைக் கைதிகளை இப்படி அனுப்புவதே மதச் சுதந்திரத்துக்கு முரண் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் 1996 முதல் சொல்லி வருகின்றன. கனடாவின் வான்கூவரில் நாத்திகரான ஒரு செவிலியர் இந்தக் கூட்டங்களுக்குப் போக மறுத்து வேலையை இழந்தார். மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார். 2019இல் சமரசம் ஆனது, மத அடிப்படையில் மறுப்பவரை இனி அங்கே கட்டாயப்படுத்த மாட்டார்கள். போதையிலிருந்து மீளக் கடவுள் வேண்டுமா என்ற கேள்வியை ஒரு நர்ஸ் தனியாளாக நின்று கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார். நம் ஊர் மேடைகளில் அவர் பெயர் அடிபட்டிருக்க வேண்டும்.

எதிர்க்கட்சிக்காரர் இப்போது எழுந்து நிற்பார். "உன் தாயாருக்கு ஊசி போடப்போகிறவர் போதையில் இருந்தால்?" நியாயமான கேள்வி. பணியில் போதையோடு நிற்பவரை அந்த நிமிடமே வெளியேற்ற வேண்டும், அது மதுவானாலும் கஞ்சாவானாலும். 2012இல் நியூ ஹாம்ஷயரில் பிடிபட்ட மருத்துவமனைத் தொழில்நுட்பர் ஒருவர், நோயாளிக்கு வைத்திருந்த ஃபென்டனிலைத் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பி வைத்துவிடுவார். அவரிடமிருந்த ஹெபடைட்டிஸ் சி முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பரவியது. அதற்கு முன்பே அரிசோனாவில் கழிப்பறையில் ஊசியோடு மயங்கிக் கிடந்து பிடிபட்டவர் அவர். ஆனாலும் அடுத்தடுத்த மாநிலங்களில் வேலை கிடைத்தது. மருத்துவமனைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. அவரைத் தடுத்திருக்கக் கூடியவை மருந்துக் குப்பியின் எண்ணிக்கையும் ஒரு தொலைபேசி அழைப்பும். கொழுப்பில் தேங்கிய பழைய கஞ்சாவைத் தேடுவது அந்த வேலையைச் செய்யாது.

ஆபத்தைத்தான் அளக்க வேண்டும் என்றால், அளக்கலாமே. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் நேச்சர் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் திறனுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் ஏறக்குறைய 0.10. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 0.08 இருந்தாலே கார் ஓட்டுவது குற்றம். 2004இல் 393 செவிலியரிடம் நடந்த ஆய்வு, ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ தவறு நேரும் வாய்ப்பு மூன்று மடங்காவதைக் காட்டியது. அமெரிக்க மருத்துவமனைகளில் 12 மணி நேர ஷிஃப்ட் சாதாரணம். மாற்று ஆள் வரவில்லை, இன்னும் நாலு மணி நேரம் இரு என்பதும் சாதாரணம். தூக்கமின்மையால் தள்ளாடும் செவிலியரை எந்த வாரியம் அழைத்து விசாரிக்கிறது? அவரை அப்படி நிறுத்திவைத்த நிர்வாகியின் உரிமம் எங்கே பறிபோகிறது? அவருக்கு உரிமமே தேவையில்லை. அதே நிர்வாகி, மறுநாள் காலை புட்டியை நீட்டி, நோயாளியின் பாதுகாப்பு எங்கள் உயிர்மூச்சு என்பார்.

கஞ்சாவின் போதையை நேரடியாக அளக்க நம்பத்தக்க கருவி இன்னும் இல்லை என்பது உண்மை. இரத்தத்தில் இருக்கும் டிஎச்சியின் அளவை வைத்துக்கூட ஓட்டுநரின் தடுமாற்றத்தைச் சொல்ல முடியாது என்று அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் ஆய்வு அமைப்பு 2016இல் சொன்னது. அளக்க வேண்டியதை அளக்க முடியவில்லை, ஆகவே அளக்க முடிந்ததை அளக்கிறோம் என்கிறார்கள். கிணற்றில் விழுந்த குடத்தைக் கொல்லையில் தேடலாம்தான், கொல்லை வெளிச்சமாக இருக்கிறது. கலிஃபோர்னியா இந்தத் தேடலை ஓரளவு நிறுத்தியிருக்கிறது: 2024 ஜனவரி முதல், போதையற்ற கழிவைக் காட்டி வேலையாளைத் தண்டிக்கப் பெரும்பாலான முதலாளிகளுக்கு அங்கே உரிமை இல்லை.

நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. அமெரிக்கச் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையில் எழுதி அங்கே போகும் செவிலியர், கஞ்சாக் கடை வாசலில் பலகை தொங்குகிறதே என்று நம்பிவிட வேண்டாம். குடியேற்றம் நடுவண் சட்டம். மாநிலம் அனுமதித்த கஞ்சாவேயானாலும் குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதியை அது கெடுக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019இல் எழுத்தில் சொல்லிவிட்டது. அங்கே பிறந்தவருக்கு உரிமத்தோடு போவது, நம்மவருக்கு நாட்டோடு போகும்.

ஏன் செவிலியரிடம் மட்டும் இத்தனை கெடுபிடி என்று யோசித்தால் மறுபடி நம் ஊருக்கே வந்து நிற்கிறேன். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியை நாம் எங்கே நிறுத்தினோம்? இரத்தத்திலும் நிணத்திலும் கைவைத்து நம்மை வெளியே எடுத்தவளைத் திண்ணையில் நிறுத்தினோம். மலம் அள்ளுகிறவர், சீழ் துடைக்கிறவர், பிணத்தைக் கழுவுகிறவர்: இவர்களைத்தான் எல்லாச் சமூகமும் சந்தேகத்தோடு முகர்ந்து பார்க்கிறது. அமெரிக்கச் செவிலியரில் மிகப் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தத்தை அவர்களிடம்தான் கேட்கத் தோன்றும்.

உயரத்தில் இருப்பவரிடம் கேட்டால் என்ன ஆகும்? ஜார்ஜியா மாநிலம் 1990இல் கேட்டுப் பார்த்தது. ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி பதவிகளுக்குப் போட்டியிடுகிறவர்கள், 30 நாளுக்குள் எடுத்த சிறுநீர்ச் சோதனையில் தேறியதாகச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. கஞ்சாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. வேட்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1997இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. உண்மையான ஆபத்து எதையும் காட்டவில்லை, இது வெறும் அடையாளத்துக்கான சோதனை, இதற்காக ஒருவரின் அந்தரங்கத்தில் கைவைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அருமையான தீர்ப்பு. ஆனால் அரசியலமைப்பு அரசின் கையைத்தான் கட்டும், தனியார் மருத்துவமனையின் கையைக் கட்டாது. ஜார்ஜியாவில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுகிறவர் இன்று அந்தப் புட்டியைத் தொட வேண்டியதில்லை. அதே ஊரில் நைட் ட்யூட்டிக்குச் சேரும் நர்ஸிடம் மருத்துவமனை அதைக் கேட்கலாம். கேட்கிறது.