அஸ்தேயமும் புத்தாடையும்

பண்டிகை நாளில் புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள் தடவி, இறைவன் திருமுன் வைத்து வணங்கிய பின்னரே உடுத்துகிறோம். அந்த ஆடையில் எவருக்கேனும் கொடுக்கப்படாத கூலி ஒளிந்திருக்கிறதா என்று மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பதஞ்சலி முனிவர் யமங்களுள் மூன்றாவதாக அஸ்தேயத்தை, அதாவது திருடாமையைக் கூறுகிறார். பிறர் பெட்டியைத் திறந்து எடுப்பது மட்டுமே திருட்டு என்று கொண்டால், நம்மில் பெரும்பாலோர் இவ்விரதத்தில் எளிதில் தேறிவிடுவோம். உழைத்தவருக்கு உரியதைக் கொடாமல் மலிவாக்கப்பட்ட பொருளை மகிழ்ந்து வாங்குவது எதில் சேரும்?

காந்தியடிகள் தம்மையே இக்கேள்விக்கு உட்படுத்திக்கொண்டார். 1925-இல் அவர் நிறுவிய அகில பாரத சர்க்கா சங்கம் ஏழைப் பெண்களுக்கு வேலை அளித்தது. ஆயினும் கதர் மலிவாக விற்க வேண்டுமென்பதற்காக, நூற்போரின் கூலி மிகக் குறைவாகவே இருந்தது. 1935-இல், எட்டு மணி நேர உழைப்புக்கு எட்டணா கொடுப்பதே முறை என்று அவர் வற்புறுத்தினார். விலை ஏறினால் கதரை யார் வாங்குவார்கள் என்று உடன் பணியாற்றியவர்களே தயங்கினர். நியாயமான தயக்கம்தான். எட்டணா கைகூடவில்லை, எனினும் வாழ்க்கைத் தேவையை ஒட்டிக் கூலி அமைய வேண்டும் என்று அவ்வாண்டே சங்கம் தீர்மானித்தது. கூலி உயர்ந்தது; கதரின் விலையும் உயர்ந்தது. தேசத்தொண்டின் பெயராலும் ஏழையின் கூலியைக் குறைக்கலாகாது என்று தம் பிழையை அவர் உணர்ந்தாரே, அதுவே சாதகர் கருதத்தக்கது.

அன்று நூற்றவர் அண்டைக் கிராமத்தில் இருந்தார். இன்று தைப்பவர் நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கிறார். 2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தின் டாக்கா நகருக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாளே விரிசல் கண்டு, அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையற்கூடத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாளும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். தொலைநாட்டுக் கடைகளுக்கான மலிவு ஆடைகளை அவர்கள் தைத்துவந்தனர்.

“வசதியற்றவர் என்ன செய்வது?” என்று அன்பர் ஒருவர் கேட்டார். அவர்கள்மீது இப்பாரத்தைச் சுமத்துவது தர்மமன்று. மூன்று சேலை வாங்கக்கூடியவர் இரண்டு வாங்கி, நெய்தவரிடம் பேரம் பேசாமல் முழு விலை கொடுக்கட்டும். விலை அதிகம் என்பதாலேயே கூலி சென்றடைந்ததென்று நம்பிவிடவும் கூடாது. பளபளக்கும் கடையின் வாடகையும் அதில்தான் அடங்கியிருக்கிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்குச் சான்று. நெய்தவர் பெற்ற கூலியை அது சொல்லாது. ஆகவே, கேட்டுத்தான் அறிய வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலிருந்து தொடங்கலாம். பிற கடைகளில், இப்படிக் கேட்பவரை விற்பனையாளர் வியப்புடன் பார்க்கக்கூடும். பார்க்கட்டும். அடுத்த பண்டிகைக்கும் அதே கடையில் அதே கேள்வியைக் கேட்போம்.