உள்ளே கனலும் அழல்

ராஜஸ உணவை விவரிக்கும்போது பகவத்கீதை (17:9) 'விதாஹி' என்றொரு சொல்லை ஆள்கிறது. எரிச்சலை விளைவிப்பது என்பது அதன் பொருள். நாம் அதை நாவின் காரத்தோடு நிறுத்திக்கொண்டோம்; பகவானோ அதன் விளைவு நோய் என்கிறார்.

மருத்துவர்கள் கூறும் 'அழற்சி'யும் அழல் என்னும் நெருப்பின் பெயரிலிருந்து வந்ததே. காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது உடலின் காவல், அது நன்மைக்கே. ஆனால் மிகையாக உண்டு வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேருமாயின், அக்கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருள்களை இரத்தத்தில் கலக்கிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, 1930-இல் கண்டறியப்பட்ட சி-ரியாக்டிவ் புரதம் மட்டும் இரத்தத்தில் சற்றே உயர்ந்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் கனலும் இத்தணல் இதய நாளங்களைக் கெடுக்கிறது. பயறு, கீரை, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றின் நார்ப்பொருளையோ குடல்வாழ் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து, அழலைத் தணிக்கும் அமிலங்களாக மாற்றுகின்றன.

'ஏகாதசி, இரட்டிப்பாகச் சாப்பிடு' என்று மராட்டியர் கேலியாகச் சொல்வதுண்டு. தானியத்தை விலக்கிவிட்டு, எண்ணெயில் பொரித்த ஜவ்வரிசி வடையையும் உருளைக்கிழங்கையும் வயிறு முட்ட உண்பது உபவாசமாகுமா? இதை எழுதுபவனும் அவ்வாறு உண்டவனே.

எனினும் நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்ளும் அன்பர்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி விரதம் ஏற்க வேண்டாம். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. மிகையாக உண்பவனுக்கு மட்டுமன்று, உண்ணாதே கிடப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்றே கீதையின் ஆறாம் அத்தியாயம் (6:16) கூறுகிறது.