தளபதிக்கு வாக்களிக்கலாமா?

2010 ஜனவரி 26ஆம் திகதி இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. செட்டிகுளம் முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேலான மக்களில் பல்லாயிரம் பேர் இன்னும் வீடு திரும்பவில்லை. வாக்குச்சீட்டில் 22 வேட்பாளர்கள் இருந்தாலும் வெல்லக்கூடியவர்கள் இருவர்தான். ஒருவர் போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. மற்றவர் அதே போரில் இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. பொன்சேகாவுக்கு வாக்களிக்குமாறு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழ் மக்களைக் கேட்டது. வன்னியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், அந்தப் படையை நடத்தியவருக்குப் புள்ளடி இடலாமா?

கூடாது என்போரின் வாதம் வலுவானது. இந்நாடு சிங்களவர்களுக்கே உரியது, சிறுபான்மையினர் மிதமிஞ்சிய கோரிக்கைகளை வைக்கக் கூடாது என்ற கருத்தை 2008இல் கனடிய நாளேடு ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் வெளிப்படையாகச் சொன்னவர் பொன்சேகா. போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. அந்த மாதங்களில் படைக்குத் தலைமை தாங்கியவருக்குத் தமிழர் வாக்களித்தால், ‘தமிழரே அவரை ஏற்றுக்கொண்டார்கள், இனி எதற்கு விசாரணை?’ என்று கேட்க வழி பிறக்கும். விலை எதுவும் கொடுக்காமலே தமிழர் வாக்கைப் பெறலாம் என்று கொழும்புக் கட்சிகளும் கற்றுக்கொள்ளும். இந்த அச்சங்களில் எதையும் வெறும் உணர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது.

வாக்களிக்கலாம் என்போர் 2005ஐ நினைவூட்டுவார்கள். அந்த ஜனாதிபதித் தேர்தலை வடக்கில் விடுதலைப் புலிகள் புறக்கணிக்கச் செய்தார்கள். ஏழு லட்சம் வாக்காளர்கள் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 சதவீதம் மட்டுமே. மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,786 வாக்கு வித்தியாசத்தில். ரணில் வென்றிருந்தால் போர் வந்திராது என்று எவராலும் உறுதி கூற முடியாது. அச்சுறுத்தலின் கீழ் வீட்டில் இருந்தவர்களின் மனச்சாட்சியை அந்த எண்ணிக்கையிலிருந்து படிக்கவும் முடியாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. வாக்களிக்காமல் இருப்பதற்கும் விளைவு உண்டு. வாக்குச்சாவடிக்குப் போகாததாலேயே ஒருவர் பொறுப்பிலிருந்து விடுபட்டுவிட மாட்டார்.

இந்த இரு வாதங்களுக்கும் நடுவே, வாக்கு எதற்கான விடை என்பதைப் பிரித்தறிவது அவசியம். வெல்லக்கூடியவர்களுள் எவர் கையில் அடுத்த பதவிக்கால அதிகாரம் இருப்பது குறைந்த கேடு? தேர்தல் கேட்கும் கேள்வி இதுதான். எவர் குற்றவாளி என்பதை விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டியது நீதிமன்றம். எவரை மன்னிப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. அதைப் பெரும்பான்மை வாக்கெடுப்பால் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது. தளபதிக்கு இட்ட புள்ளடி அவர் நடத்திய போருக்கான ஒப்புதல் ஆகாது. அதைப் பாவமன்னிப்பாகக் காட்ட முயல்பவர், வாக்காளர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறார்.

ஆகவே, அத்தகைய வேட்பாளருக்கு வாக்களிப்பது தன்னளவில் தவறாகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எதிராளியின் தோல்வியால் உண்மையான நன்மை விளையும் என்று நம்ப நியாயம் இருக்க வேண்டும். 2010இல் அந்த நியாயம் இருந்தது, மெலிந்த அளவில். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகப் பொன்சேகா வாக்குறுதி தந்தார். ஒரு குடும்பத்தின் கையில் குவிந்துகொண்டிருந்த அதிகாரம் அதனால் குறையக்கூடும். குற்றத்துக்குப் பொறுப்பானவர்கள் தமக்குள் பிளவுபட்டால் மறைந்தவை வெளிவரவும் கூடும். வெள்ளைக்கொடியுடன் சரணடைய வந்தவர்களைக் கொல்லும்படி பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச உத்தரவிட்டதாகப் பொன்சேகா கூறினார் என்று 2009 டிசம்பரில் சண்டே லீடர் செய்தி வெளியிட்டது. பின்னர் பொன்சேகா அதிலிருந்து பின்வாங்கினார். இருந்தும் அந்தக் கூற்றுக்காகவே 2011இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ‘வெள்ளைக்கொடி’ விவகாரம் பின்னர் மூடி மறைக்க முடியாததாக ஆனதில் இந்தப் பகைக்கும் பங்கு உண்டு.

இலங்கையின் தேர்தல் சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளர் மூன்று பேரை 1, 2, 3 என வரிசைப்படுத்தலாம். பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்பட்டு, அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்புகள் எண்ணப்படும். 2010இல் தமிழர் தரப்பிலிருந்து எம்.கே. சிவாஜிலிங்கமும், தமிழரின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்த சிங்கள இடதுசாரி விக்கிரமபாகு கருணாரத்னவும் போட்டியிட்டார்கள். இவர்களில் ஒருவருக்கு முதல் விருப்பையும் பொன்சேகாவுக்கு இரண்டாம் விருப்பையும் கொடுத்தவர், ராஜபக்சவுக்கு எதிரான தம் வாக்கின் பலத்தைச் சிறிதும் இழக்கமாட்டார். தம் மனச்சாட்சி யார் பக்கம் என்பதையும், தளபதியைத் தாம் எந்த அளவில் மட்டும் ஏற்கிறார் என்பதையும் ஒரே சீட்டில் பதிவுசெய்துவிடலாம். 2024க்கு முன் எந்தத் தேர்தலிலும் இரண்டாம் விருப்பு எண்ணப்படும் நிலை வரவில்லை. அதனால் ஒற்றைப் புள்ளடியே வழக்கமாகிவிட்டது. கொள்கையா விளைவா என்று மக்களை வதைப்பதற்கு முன், இரண்டையும் காக்கச் சட்டம் தரும் இந்த வழியைக் கற்றுக்கொடுப்பது கட்சிகளின் கடமை.

வாக்கு கேட்கும் தலைவரின் நிலை வாக்காளரின் நிலையைவிடக் கடினமானது. வாக்காளர் மறைவான இடத்தில் ஒரு குறியை மட்டும் இடுகிறார், எவரையும் புகழ்வதில்லை. தலைவரோ மேடையில் நின்று பேசுகிறார். அந்த வேட்பாளர் செய்தவற்றை மறைக்காமல் சொல்லி, அவரிடம் பெற்ற உறுதிமொழிகளையும் பெற முடியாமல் போனவற்றையும் மக்கள் முன் வைத்து, விசாரணைக் கோரிக்கை தேர்தலுக்குப் பின்னும் தொடரும் என்று அவர் பக்கத்தில் நின்றே அறிவிக்க முடிந்தவருக்குத்தான் அந்த வாக்கைக் கேட்கும் தகுதி உண்டு. அதைச் சொல்லத் துணியாதவர் மக்களின் துயரத்தைப் பேரம் பேசுகிறார்.

தளபதியின் பெயருக்கு நேரே குறியிட மறுத்தவர்களும் இருந்தார்கள். யாழ் மாவட்டத்தில் அன்று வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர்தான். இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அதற்குப் பெருங்காரணங்கள். மற்றவர்களில் எத்தனை பேர் மனம் ஒப்பாமல் ஒதுங்கினார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. உறவுகளைப் புதைக்கக்கூட முடியாமல் வந்தவரிடம் ‘நீ வாக்களிக்காததால்தான் ராஜபக்ச வென்றார்’ என்று குற்றம் சாட்டும் உரிமை எவருக்கும் இல்லை. குறைந்த கேட்டைத் தேர்வது அனுமதிக்கப்பட்ட செயல். எவர் மீதும் சுமத்தக்கூடிய கடமை அன்று. அவ்வாறே, தளபதிக்கு வாக்களித்தவரைத் துரோகி என்று ஏசும் உரிமையும் எவருக்கும் இல்லை.

பொன்சேகா தோற்றார், இரண்டு வாரத்துக்குள் கைதானார். அதே கேள்வி 2015இல் திரும்பி வந்தது. போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேனவுக்கு யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் ஆதரவளித்தார்கள். அதனால் நன்மைகள் விளைந்தன: 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, இராணுவம் பிடித்துவைத்த காணிகளில் ஒரு பகுதி திரும்பியது. ஆனால் போர்க்கால விசாரணைக்கான நீதிமன்றம் வரவில்லை. 2018 அக்டோபரில் அதே சிறிசேன, தமிழர்கள் எவரை வீழ்த்த வாக்களித்தார்களோ அதே மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தார்.

இத்தகைய வாக்கு தேர்தல் நாளோடு முடிவதில்லை என்பதே இதில் உள்ள பாடம். நல்லவர் என்று நம்பி வாக்களித்தவர் பிறகு ஏமாற்றப்பட்டதாகச் சொல்லலாம். கறை தெரிந்தே வாக்களித்தவருக்கு அந்தச் சமாதானம் கிடையாது. வென்றவரின் ஒவ்வொரு செயலையும் கணக்கில் வைப்பதும், வாக்குறுதி தவறினால் முதல் ஆளாக எதிர்ப்பதும், இறந்தவர்களுக்கான நீதியை அவர் ஆட்சியிலேயே உரக்கக் கேட்பதும் வாக்களித்தவரின் கடமை. அந்தக் கடமையை ஏற்கத் துணிந்தவர் தளபதிக்கும் வாக்களிக்கலாம்.