ஓய்வில் இருந்த முன்சக்கரங்கள்

தேவைப்படும் வேளையில் ஒரு கருவி கைவிட்டுவிட்டால், அந்தப் பழுதுக்கு மனிதன் பொறுப்பாவானா? இயந்திரத்திற்கு மனச்சான்று இல்லை. ஆகவே அதன் குறை எவருடைய குற்றமும் ஆகாது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் சில மாதங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலையடிவாரத்து ஊர்களில் பணிபுரியும் எங்கள் சிறு குழுவிடம் ஒரு பழைய ஜீப்பு உண்டு. அதன் பராமரிப்புப் பதிவேட்டில் மாதந்தோறும் கையொப்பமிடுவது என் பொறுப்பு. ஐப்பசி மழை கொட்டிய ஓர் இரவில், மலைமேல் உள்ள சிற்றூரிலிருந்து பிரசவ வலியில் துடித்த பெண் ஒருவரை அழைத்துவர வண்டி புறப்பட்டது. செம்மண் ஏற்றம் ஒன்றில் பின்சக்கரங்கள் வழுக்கின. ஓட்டுநர் நான்கு சக்கர இழுவைக்கான லீவரைப் போட்டார். முகப்புப் பலகையில் விளக்கும் எரிந்தது. ஆனால் முன்சக்கரங்கள் அசையவில்லை. மேலிருந்து ஆட்கள் அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் சுமந்து இறக்கினார்கள். நான்கு மணி நேரம் தாமதம். தாய் பிழைத்தார், குழந்தை பிழைக்கவில்லை. "முன்னதாக வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன், பிழைத்திருக்காது என்றும் சொல்ல மாட்டேன்" என்றார் மருத்துவர். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவிலேதான் நான் இன்னும் நிற்கிறேன்.

நகரத்துப் பணிமனை ஒன்றில் வண்டியைக் காட்டியபோது, டிரான்ஸ்பர் கேஸ் முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். கியர்ப்பெட்டியிலிருந்து வரும் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் பெட்டி அது. விலையோ எங்கள் கைக்கு எட்டாதது. பின்னர், வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்பானரைக் கையில் எடுக்கவே இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்தார். எஞ்சினை அணைத்தபடியே கியரில் போட்டு, நான்கு சக்கர லீவரையும் போட்டார். சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் லாக் இரண்டையும் பூட்டும் நிலைக்குத் திருப்பினார். பிறகு முன்பக்கத்து நீண்ட தண்டைக் கையால் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. "பெட்டி நல்லாத்தான் பிடிக்குது சார். அதுமேல ஏன் பழி போடணும்?" என்றார். அடுத்து இடது முன்சக்கரத்தைச் சுற்றினார். இரண்டு ஹப்பும் பிடித்திருந்தால் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றிருக்கும். அது அசையாமல் நின்றது. பழுது எங்கே என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இடது ஹப்பைத் திறந்தார். உள்ளே நீர் புகுந்து துருவேறியிருந்தது. கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. சக்கரத்தையும் அச்சையும் இணைக்க வேண்டிய வளையம் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வலது ஹப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் முன் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கர அமைப்பு இரண்டு பக்கத்துக்கும் சமமான விசையைத்தான் தரும். ஒரு பக்கத்தில் தடையே இல்லையென்றால் மறுபக்கமும் இழுக்காது. ஒருவர் பிடியை விட்டதால் மற்றவரின் பலமும் வீணாகிப் போகும் குடும்பங்களை நாம் கண்டதில்லையா?

விளக்கு எரிந்ததே என்று கேட்டேன். அந்த விளக்கு, லீவர் போய்ச் சேர்ந்ததை மட்டுமே சொல்லும். சக்கரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது என்றார் அவர். அது பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு விடை சொல்லிற்று. என் கையொப்பங்களும் அவ்வாறே. எண்ணெய் மாற்றப்பட்டது, டயர் பார்க்கப்பட்டது என்று பதிவேடு கூறியதெல்லாம் உண்மை. ஹப் லாக்கை மூன்று ஆண்டுகளாக எவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அதற்கு மட்டும் பதிவேட்டில் இடம் இல்லை.

ஹப் லாக் தோன்றிய கதையை இங்கே சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், படைக்காகச் செய்யப்பட்ட ஜீப்புகள் சாதாரண மக்கள் கைக்கு வந்தன. சாலையில் ஓடும்போது முன் அச்சும் சேர்ந்து வீணாகச் சுழன்று தேய்ந்தது. அதற்கு ஓய்வு கொடுப்பதற்காகவே அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் என்பவர் 1948இல் இத்தகைய ஹப்புகளைச் செய்யத் தொடங்கினார். ஆக, ஓய்வு கொடுப்பது தவறன்று. காய்ந்த தார்ச்சாலையில் இவ்வகை வண்டியின் நான்கு சக்கர இழுவையைப் போடவும் கூடாது. வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு ஓடுவதால் உறுப்புகள் முறுக்கேறிக் கெடும். எங்கள் ஓட்டுநர் அதைத் தொடாதிருந்தது ஒழுங்கான பழக்கமே. ஒரு நல்ல விதியைப் பின்பற்றியே நாங்கள் அந்த இரவுக்கு வந்து சேர்ந்தோம் என்பதுதான் எனக்கு உறக்கம் கெடுத்த செய்தி.

13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், தமது இறையியல் பெருநூலில் இதே கேள்வியை மனிதப் பண்புகளைக் குறித்து எழுப்புகிறார். செயல்படாமல் நிறுத்திவைப்பதால் மட்டுமே ஒரு நற்பழக்கம் அழியுமா? நிறுத்திவைப்பது நேரடியாக எதையும் அழிப்பதில்லை என்கிறார். ஆனால் அதற்கு எதிரானவற்றை விலக்கி வைத்துக்கொண்டிருந்தது அந்தச் செயல்தான். செயல் நின்றதும் அவை மெல்ல உள்ளே புகுகின்றன. பழகாமையால் அற்றுப்போகும் நட்பையும் அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். அந்தப் பக்கத்தை இதற்கு முன்பும் படித்திருக்கிறேன். துருவேறிய வளையத்தைக் கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கிற்று.

எனக்குத் தெரியாது என்பது என் பக்கத்து வாதம். உண்மைதான். ஆனால் அறியமுடியாத அறியாமை வேறு, கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய அறியாமை வேறு. சேற்றில் இறக்கி அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். ஓட்டுநர் தம்மையே நொந்துகொண்டபோது, "இயந்திரக் கோளாறுதானே தம்பி" என்று நான் ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலில் பாதி எனக்காகச் சொன்னது என்பதை அவர் அறியமாட்டார்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை வண்டியை ஆற்றுமணலில் இறக்கி ஓட்டுகிறோம். பதிவேட்டிலும் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம். ஆயினும் ஒன்று மீதமிருந்தது. அந்தப் பெண்ணின் கணவரைச் சந்தையில் அவ்வப்போது பார்ப்பேன். மழைதான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையைக் கலைப்பது அன்புக்கு ஒத்ததா, கலைக்காமல் விடுவது உண்மைக்கு ஒத்ததா என்று நெடுநாள் தயங்கினேன். உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கி அவர் தோளில் வைப்பதாகவும் ஆகிவிடலாம் அன்றோ?

சென்ற மாதம் தேநீர்க்கடைப் பலகையில் அமர்ந்து சொல்லிவிட்டேன். ஹப்பு, துரு, என் கையொப்பம், எல்லாவற்றையும். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பிடிக்குதா சார்?" என்று கேட்டார்.

பிடிக்கிறது என்றேன்.