சொல்லாமல் விடுவது பொய்யாகுமா?

காப்பீட்டுச் சட்டம் பயிலும் வழக்கறிஞர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுவது மீயுயர் நன்னம்பிக்கை, அதாவது தரப்பினர் தாம் அறிந்த முக்கியச் செய்திகளைக் கேளாமலேயே வெளிப்படுத்த வேண்டும் என்னும் கோட்பாடு. இக்கோட்பாட்டின் மூலவழக்கு இது: சுமத்ராவின் மார்ல்பரோ கோட்டை பகைவரிடம் வீழ்ந்தால் இழப்பீடு பெறும்படி அதன் ஆளுநர் காப்பீடு செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றவே, கோட்டையின் வலுவின்மை மறைக்கப்பட்டதென்று காப்பீட்டாளர் பணம் தர மறுத்தார். 1766இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு, பேசாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்னும் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோவின் பாகுபாட்டைத் துணைக்கொண்டு, காப்பீட்டாளர் தாமே அறிந்திருக்க வேண்டியதைப் பிறர் சொல்லத் தேவையில்லை எனக் கூறி, ஆளுநர் பக்கமே தீர்ப்பளித்தார். பிற்காலச் சட்டமோ, 1906ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் காணப்படுவதுபோல், தெரியாமல் விடுபட்ட செய்திக்காகவும் ஒப்பந்தம் முழுவதையும் தள்ளிவிடக் காப்பீட்டாளருக்கு உரிமை தந்தது. மூலத்தீர்ப்பின் பரிவு இதில் தொலைந்தது என்றே சொல்ல வேண்டும்.

சிசரோ விவரிக்கும், இரு ஸ்டோயிக் தத்துவஞானிகளிடையேயான விவாதத்தில், பஞ்சத்தில் வாடும் ரோட்ஸுக்குத் தானியம் கொணரும் வணிகர் பின்னால் வேறு கப்பல்களும் வருவதைச் சொல்ல வேண்டும் என்கிறார் ஆன்டிபேட்டர். சட்டம் கேட்பதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை என்கிறார் டயோஜெனிஸ். காப்பீடு பெறும் நுகர்வோர் தவறான தகவல் தராதிருக்க நியாயமான கவனம் கொண்டாலே போதும், கேளாததைத் தாமாகச் சொல்ல வேண்டியதில்லை என்னும் பிரித்தானியாவின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் டயோஜெனிஸை நெருங்குகிறது. ஆனால் அவர் காத்தது விற்பவரின் ஆதாயத்தை, இச்சட்டம் காப்பதோ எளியவரின் அறியாமையை.