கருவியும் கடமையும்

பிறருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவன், தன் அசட்டையினால் தீங்கு நேரவிட்டால் அவன் குற்றவாளியா, அல்லனா? இது ஏட்டில் உறங்கும் கேள்வியன்று. அவசரகாலத்தில் புதுக்கிராமமாக எழுந்து, இன்று பட்டறைகள் மலிந்த ஊராக விளங்கும் ஸ்ரீ கெம்பாங்கானில், தச்சர் கையில் மின்வட்ட ரம்பம் சுழலும்போதெல்லாம் எழுகின்ற கேள்வி இது.

1920களில் அமெரிக்காவில் எட்மண்ட் மிஷல் என்பவர், கரும்பு வெட்டுவோரின் கடும் உழைப்பைக் கண்டே இவ்வகைக் கைரம்பத்தை அமைக்க முற்பட்டார் என்பர். கையின் களைப்பைப் போக்க வந்த கருவி கையையே கொண்டுபோகலாமா? கொண்டுபோனால் நம்மவர் கூறும் விடை ஒரே சொல்: "விதி." அந்த விதி எவ்வாறு உருவாகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ரம்பத்தட்டின் பல் மழுங்கினால் மரம் கருகும். புகை நாற்றம் வீசும். அப்போது தட்டைத் தீட்டவோ மாற்றவோ வேண்டும். நாமோ கையை மேலும் அழுத்துகிறோம். தட்டு மரத்தில் இறுகி, ரம்பம் அறுப்பவன் மீதே பின்பாய்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் சேர்க்கும் கரித்துண்டுகளாகிய கார்பன் பிரஷ்கள் தேய்ந்தால் உள்ளே தீப்பொறி மிகும். ரம்பம் நின்று நின்று ஓடும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் தீரும் குறையைத் தட்டித் தட்டிச் சமாளிக்கிறோம். மெல்லிய நீண்ட வயரில் இணைத்தால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். கைப்பிடியருகே வளைந்து வளைந்து வெடித்த வயரையோ நாடா சுற்றி மறைத்துவிடுகிறோம்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. தட்டின் அடிப்பாகத்தைக் காக்கும் மூடி, அறுத்து முடிந்ததும் சுருள்வில்லின் விசையால் தானே மூடிக்கொள்ள வேண்டும். மரத்தூளும் பிசினும் அடைந்தால் அது சிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூளைத் துடைத்து, மூடி தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதற்கும் பொறுமையின்றி மூடியைத் திறந்தபடியே கம்பியால் கட்டிவிடுகிறான் ஒருவன். விசையை விட்ட பின்னும் தட்டு சில வினாடிகள் சுழலும் என்பதை அவன் அறிவான். மறுநாள் அதே ரம்பத்தை எடுக்கும் இளைஞன் அறியான். விரல் போகிறது. இதில் விதி எங்கே வந்தது? கட்டிய கம்பியன்றோ வந்தது!

"எனக்குக் கெட்ட எண்ணம் இல்லையே" என்பான் கட்டியவன். மெய்தான். ஆயினும் அறிவு இருந்தது. அறிந்தும் வாளாவிருந்தவன், எண்ணத்தைக் காட்டித் தப்ப இயலாது.

ஆனால் அவனை மட்டும் தூற்றுவது நீதியன்று. பலகையை எண்ணிக் கூலி கொடுத்து, வேகம் வேகம் என்று விரட்டி, இரண்டு கரித்துண்டு வாங்க மனமில்லாத முதலாளியும் அக்கம்பியைக் கட்டியவரே ஆவார். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், கருவியைப் பழுதின்றி வைக்கும் கடமையை முதலாளி மீதும், காப்புச் சாதனத்தைக் கெடுக்காதிருக்கும் கடமையைத் தொழிலாளி மீதும் சுமத்துகிறது. 2024 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், அச்சட்டம் இன்று ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தழுவி நிற்கிறது. எனினும் சட்டத்தின் கண் எந்நேரமும் பட்டறையில் இராது.

தோட்டத்து மக்களுக்கு இவ்வறம் புதிதன்று. பால்மரம் வெட்டுவோர் கத்தியைத் தீட்டி வைத்தது எதனால்? மழுங்கிய கத்தியும் ஆழமான வெட்டும் மரத்தைப் புண்படுத்தும். புண்பட்ட இடத்தில் புதுப்பட்டை கரடுமுரடாக வளரும். ஆண்டுகள் பல கழித்து அப்பட்டையில் வெட்ட வருபவன் வேறொருவனாக இருக்கலாம். அவனுக்கு உதவியது இவர் தீட்டிய கத்தி.

ஆயுத பூசையன்று ரம்பத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். இடுவோர் இடுக. ஆனால் பொட்டு வைத்த ரம்பத்தின் மூடி கம்பியால் கட்டப்பட்டிருக்குமாயின் அது எவ்வகை வழிபாடு? கருவிக்குச் செய்யும் மரியாதை, அதை அடுத்து எடுக்கும் கைக்குச் செய்யும் மரியாதையே.

ஆதலின் தோழர்களே, வேலை முடிந்து ரம்பத்தை வைக்கும்போது, "இதை இப்படியே என் மகன் கையில் கொடுப்பேனா?" என்று உங்களையே கேளுங்கள். கொடுக்க மனம் கூசுமாயின், பிறர் மகன் கையிலும் அதைக் கொடுக்கலாகாது.