கைநாட்டுக்குப் பின்னால் ஒருத்தி

இறந்துபோன ஒருத்தியின் இல்லறத்தைத் துருவிப் பார்க்க அவள் வழிவந்தவளுக்கு உரிமை உண்டா? "செத்துப்போனவுகளப் பத்தி எழுதி என்னத்தா ஆகப்போகுது? குடும்ப மானந்தேன் போகும்" என்கிறார் என் அத்தை. அந்த மானம் யாருடையது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பெட்டியில் விக்டோரியா ராணியின் தலை பொறித்த முத்திரைத்தாள் ஒன்று உள்ளது. என் கொள்ளுப்பாட்டியின் தாயார் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. வருஷத்துக்குக் கொஞ்சம் நெல், இரண்டு சேலை. அதற்குமேல் புருஷன் சொத்தில் பாத்தியதை கோருவதில்லை. அடியில் கைநாட்டு. பிரிவுக்கான காரணம் ஒரு வரிகூட இல்லை. "கோவிச்சுக்கிட்டுப் போனவ" என்பது வீட்டில் வழங்கும் கதை.

சொத்துக்கு ஆபத்து வரும்போதுதான் அந்தக் காலத்துப் பெண் காகிதத்துக்குள் வருகிறாள். அரண்மனைப் பெண்ணும் இதற்கு விலக்கல்ல. ராமநாதபுரம் ஜமீனில், கணவரை இழந்த ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் 1847இல் ஒரு மகனைத் தத்தெடுத்தார். அது செல்லாது என்று அரசாங்கத் தரப்பு வாதாடியது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவனின் அனுமதி இல்லாவிட்டாலும், அவனுடைய பங்காளிகள் சம்மதித்தால் திராவிட தேசத்து விதவை தத்தெடுக்கலாம் என்று 1868இல் தீர்ப்பானது. ராணி செய்த தத்து நிலைத்தது. ஆனால் வழக்கு முழுக்க அலசப்பட்டது ஆண்களின் சம்மதம்தான். அவர் விருப்பம் மட்டும் போதும் என்று சட்டம் ஒருபோதும் ஏற்கவில்லை. அந்த இல்லறத்தில் அன்பு இருந்ததா என்று யாரும் கேட்கவேண்டிய தேவையே எழவில்லை.

தன் திருமணத்தைப் பற்றித் தானே எழுதியவர்கள் மிகச் சிலர். பதினொரு வயதில் மணம் முடிக்கப்பட்ட பம்பாய் ருக்மாபாய், கணவனோடு வாழ மறுத்தார். 1884இல் அவன் வழக்குத் தொடுத்தான். 1885இல் அவர் புனைபெயரில் செய்தித்தாளுக்குக் கடிதங்கள் எழுதினார். கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887இல் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சிறைக்குப் போகத் தயார் என்றார். அவருக்கு எழுத்து கைவசம் இருந்தது. என் மூதாட்டிக்கு இருந்தது கட்டைவிரல்.

அதனால் அவளை ஒரு ருக்மாபாயாக எழுதிவிட ஆசை வருகிறது. கொடுமை தாங்காமல் வெளியேறிய கலகக்காரி என்றோ, வேறொருவனை நேசித்தவள் என்றோ கதை கட்டலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவள் வாயில் நம் சொற்களைத் திணிப்பதும் அன்றைய பத்திர எழுத்தர் செய்த வேலைதான். எழுதாமல் விட்டாலோ, "கோவிச்சுக்கிட்டுப் போனவ" என்ற தீர்ப்பு நிலைத்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்வது. அவள் போனாள். அவள் உரிமைக்கு நெல்லும் சேலையும் விலை வைத்தார்கள். சாட்சிக் கையெழுத்துகள் நான்கும் ஆண்களுடையவை, நான்குமே புருஷன் வகையறா. கோபித்துக்கொண்டு போனவளின் காகிதம் என்றால் அவள் பக்கத்து ஆள் ஒருவராவது நின்றிருக்க வேண்டாமா?

செத்தவளின் அந்தரங்கத்தை மதிக்க வேண்டும், சரி. ஆனால் அவளை மௌனமாக்கியவர்களின் ரகசியம் அவளுடைய அந்தரங்கம் ஆகாது. அதைக் காப்பாற்றும் கடமை அவள் பேத்திகளுக்கு இல்லை.